சாஸேஜ் கிரேவியும் பிஸ்கட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாஸேஜ் கிரேவி என்றால் என்ன?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காலையில் சாப்பிடும் கெட்டியான வெள்ளைக் குழம்பு இது. டென்னசி, கென்டக்கி, வட கரோலினா, மேற்கு வர்ஜீனியா என்று அப்பலாச்சிய மலைத்தொடர் ஓடும் பகுதிகளில் இதற்குத் தனி மரியாதை உண்டு. மசாலா கலந்த பன்றிக் கொத்துக்கறியை வாணலியில் சிவக்க வறுக்க வேண்டும். அதிலிருந்து உருகி வரும் கொழுப்பிலேயே மைதாவை வறுத்து, பால் ஊற்றிக் காய்ச்சி, மிளகை அள்ளிப் போட்டால் கிரேவி தயார். இருபது நிமிட வேலைதான்.

சூடான பிஸ்கட்டை இரண்டாகப் பிட்டு, அதன் மேல் இதை ஊற்றிச் சாப்பிடுவார்கள். அந்தப் பிஸ்கட் டீயில் தோய்க்கும் மொறுமொறு வகை அல்ல. வெண்ணெயும் மோரும் சேர்த்து அவனில் சுடும் மெத்தென்ற சிறு ரொட்டி. மேலே பொன்னிறம், உள்ளே அடுக்கடுக்காகப் பிரியும்.

இது எப்படி வந்த சாப்பாடு?

மலைப் பண்ணைகளில் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றிரண்டு பன்றி வளர்த்தார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். நவம்பர் வாக்கில் குளிர் நன்றாக இறங்கிய பிறகுதான் பன்றியை அறுப்பார்கள், அப்போதுதான் இறைச்சி கெடாது. தொடையும் தோளும் உப்பில் ஊறப் போகும். துண்டு துணுக்குகளை அரைத்து, தோட்டத்தில் வளர்ந்த சேஜ் இலையும் காய்ந்த மிளகாயும் உப்பும் சேர்த்தால் அதுதான் சாஸேஜ். அதில் கொஞ்சத்தை எடுத்து, கொழுப்பு, மாவு, வீட்டுப் பசுவின் பால் ஆகியவற்றோடு சேர்த்தால் பெரிய குடும்பத்துக்கே காலைச் சாப்பாடு ஆகிவிடும். இறைச்சி கொஞ்சம், வயிறு நிறைய. இந்தக் கிரேவி பிறந்த நியாயம் அவ்வளவுதான்.

இதற்கு சாமில் கிரேவி என்றும் ஒரு பெயர் உண்டு; சாமில் என்றால் மரம் அறுக்கும் ஆலை. 1880-களிலிருந்து ஏறக்குறைய 1920 வரை தெற்கு அப்பலாச்சியக் காடுகளில் மரம் வெட்டும் தொழில் பெரிதாக நடந்தது. டென்னசியில் லிட்டில் ரிவர் கம்பெனி 1901-இல் தொடங்கி அடிவாரம் முதல் உள்காடு வரை ரயில் பாதை போட்டு மரம் இறக்கியது. அந்தக் காட்டின் பெரும்பகுதி இன்று கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. விடிவதற்கு முன்பே கோடரியும் ரம்பமுமாகக் கிளம்புகிறவர்களுக்கு மலிவாகவும் கனமாகவும் ஒரு சாப்பாடு தேவைப்பட்டது. பெயர் அந்த மரம் வெட்டும் முகாம்களோடுதான் சேர்த்துப் பேசப்படுகிறது.

கோதுமை மாவு மலைக்காரர்களுக்கு எப்போதும் எளிதில் கிடைத்ததில்லை. அங்கே விளைந்தது மக்காச்சோளம். அதனால் பழைய வீடுகளில் கிரேவியைச் சோள மாவிலேயே கெட்டியாக்கினார்கள், ரொட்டியும் சோள ரொட்டிதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருளை ஆலைகள் வந்து வெள்ளை மாவின் விலை இறங்கிய பிறகுதான் பிஸ்கட் தினசரி மேசைக்கு வந்தது. அமெரிக்கத் தென்னகச் சமையல் என்று இன்று எதைச் சொன்னாலும், அதில் அடிமைகளாக இருந்த கறுப்பினச் சமையல்காரர்களின் கை இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது.

என்னென்ன தேவை?

நான்கைந்து பேருக்கு: சாஸேஜ் இறைச்சி 450 கிராம், மைதா 40 கிராம் (தலை தட்டிய 5 மேசைக்கரண்டி), கொழுப்பு நீக்காத பால் 700 மில்லி, அப்போதே கொரகொரப்பாகப் பொடித்த மிளகு 1 தேக்கரண்டி, உப்பு சுவைக்கேற்ப. சாஸேஜில் கொழுப்பு குறைவாக இருந்தால் கூட்டிக்கொள்ள ஒன்றிரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய். வேறு எதுவும் வேண்டாம்.

இந்தக் கணக்கில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கொழுப்பும் மாவும் எடையில் சமம். 40 கிராம் மாவுக்கு 40 கிராம் கொழுப்பு, அதாவது சுமார் 3 மேசைக்கரண்டி.

எந்த சாஸேஜ் வாங்க வேண்டும்?

அமெரிக்காவில் இருந்தால் கவலையில்லை. எந்த மளிகைக் கடையிலும் பிளாஸ்டிக் உறையில் உருளையாகச் சுற்றிய பிரேக்ஃபாஸ்ட் சாஸேஜ் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் அளவில் கிடைக்கும். ஜிம்மி டீன் பெயர் போட்ட உருளையைப் பார்த்திருப்பீர்கள். நாட்டுப்புறப் பாடகராகப் பெயர் பெற்ற அவர் 1969-இல் தொடங்கிய தொழில் அது. சேஜ் வகை, சாதா வகை, காரமான வகை என்று இருக்கும். முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் சேஜ் வகையைத்தான் சொல்வேன். அந்த மணம் இல்லாவிட்டால் கிரேவி வெறும் பால் குழம்பாக நின்றுவிடும்.

தவிர்க்க வேண்டியவை: ஹாட் டாக் மாதிரி முன்பே வெந்த சாஸேஜ், புகையூட்டியது, சோம்பு வாசனை தூக்கலாக இருக்கும் இத்தாலிய வகை. வெந்த சாஸேஜிலிருந்து கொழுப்பு வராது. கொழுப்பு வராவிட்டால் கிரேவியும் வராது.

பிரேக்ஃபாஸ்ட் சாஸேஜ் கிடைக்காத ஊரில் என்ன செய்வது?

வீட்டிலேயே கலந்துகொள்ளுங்கள், கடைச் சரக்கைவிட நன்றாகவே இருக்கும். இறைச்சிக் கடையில் பன்றித் தோள் கறியைக் கொழுப்போடு அரைத்துத் தரச் சொல்லுங்கள். மொத்த எடையில் கால் பங்குக்குக் குறையாமல் கொழுப்பு இருக்கட்டும். 500 கிராமுக்கு 8 கிராம் உப்பு, ஒன்றரைத் தேக்கரண்டி காய்ந்த சேஜ் பொடி, 1 தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி தைம், கால் தேக்கரண்டி சில்லி ஃபிளேக்ஸ், 1 தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த்தூள். கை சூட்டில் கொழுப்பு உருகாதபடி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சீக்கிரம் பிசைந்துவிடுங்கள். ஓர் இரவு மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் சேஜும் உப்பும் கறிக்குள் இறங்கும்.

சேஜ் சூப்பர் மார்க்கெட்டில் இத்தாலிய மூலிகைப் புட்டிகள் இருக்கும் வரிசையில் கிடைக்கும். வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கற்பூரம் கலந்ததுபோல் ஒரு நெடி சட்டென்று ஏற வேண்டும். வாசனை மங்கிய பழைய புட்டி என்றால் அளவைக் கூட்டினாலும் பயனில்லை.

முழுச் செய்முறையைச் சொல்லுங்கள்.

கனமான அகல வாணலியை நடுத்தரத் தீயில் வைத்துச் சூடாக்குங்கள். எண்ணெய் வேண்டாம். சாஸேஜைப் பெரிய துண்டுகளாகப் பிய்த்துப் பரப்புங்கள். உடனே கிளற ஆரம்பிக்காதீர்கள். மூன்று நிமிடம் அப்படியே விட்டால் அடிப்பக்கம் நன்றாகச் சிவந்து மொறுமொறுப்பாகும். அப்புறம் திருப்பி, மரக்கரண்டியால் உடைத்து உதிர்த்துவிடுங்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. சின்னதும் பெரியதுமாக இருந்தால்தான் வாயில் கறி தட்டுப்படும். எட்டுப் பத்து நிமிடத்தில் பச்சைக் கறியின் இளஞ்சிவப்பு நிறம் எங்கும் இல்லாமல் வெந்திருக்கும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு: அரைத்த பன்றி இறைச்சி 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை.

இப்போது தீயைக் கொஞ்சம் குறையுங்கள். வாணலியைச் சாய்த்துக் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். 3 மேசைக்கரண்டிக்குக் குறைவாகத் தெரிந்தால் வெண்ணெய் சேருங்கள். மைதாவைக் கறியின் மேலேயே பரவலாகத் தூவி, உலர்ந்த மாவு கண்ணில் படாத வரை கிளறுங்கள். வாணலியே ஒட்டும் பசையுமாக, கெட்டுப்போன மாதிரி தோன்றும். பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் விடாமல் கிளறி வறுங்கள்.

பாலை முதலில் ஒரு கால் டம்ளர் மட்டும் ஊற்றிக் கிளறுங்கள். நொடியில் உறிஞ்சிக் களியாகும். இன்னொரு கால் டம்ளர். இந்தச் சமயத்தில் அடியில் ஒட்டியிருக்கும் சிவந்த படிவத்தையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், சுவையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. மூன்றாவது தடவையிலிருந்து தாராளமாக ஊற்றலாம். பால் முழுதும் போனதும் குழம்பு தண்ணீராகத்தான் தெரியும். தீயை நடுத்தரத்தில் வைத்து அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். விளிம்பில் குமிழி வர ஆரம்பித்ததும் கெட்டியாகத் தொடங்கும். உடனே சிம்முக்கு இறக்கி, மேலும் ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். மிளகைப் போடுங்கள். உப்பைக் கடைசியில், சுவை பார்த்த பிறகு மட்டும். சாஸேஜில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, பால் வற்ற வற்ற அது கூடும்.

கொழுப்பை வடித்துவிட்டு வெண்ணெயில் செய்தால் நல்லதல்லவா?

வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சேஜ், தைம், மிளகு போன்றவற்றின் மணப் பொருள்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் எளிதாகக் கரையும். கறி வறுபடும்போது அந்த மணமெல்லாம் உருகிய கொழுப்புக்குள் இறங்கிவிடுகிறது. அதைக் கொட்டிவிட்டு வெண்ணெய் போட்டால் மசாலாவைக் கீழே கொட்டிவிட்டு வெறும் கறியை வைத்துக்கொண்ட கதைதான். வெண்ணெய் குறையை ஈடுகட்ட மட்டுமே, மாற்றாக அல்ல. கொழுப்பு மிக அதிகமாக வந்துவிட்டால், 4 மேசைக்கரண்டிக்கு மேல் இருப்பதை மட்டும் எடுத்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். அடுத்த நாள் முட்டை பொரிக்க அதைவிட நல்ல எண்ணெய் கிடையாது.

மாவை எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும்?

பச்சை வாடை போகும் வரை, நிறம் மாறாத அளவுக்கு. நடுத்தரத்துக்கும் குறைந்த தீயில் இரண்டு நிமிடம் போதும்.

ஏன் இரண்டே நிமிடம் என்றால், மாவு சிவக்கச் சிவக்க அதன் ஸ்டார்ச் உடைந்து கெட்டியாக்கும் சக்தியை இழக்கிறது. லூசியானாவில் கம்போ என்ற குழம்பு செய்பவர்கள் மாவைச் சாக்லேட் நிறத்துக்கு வறுப்பார்கள். அதற்கு வேண்டியது நன்றாக வறுபட்ட மணம், கெட்டித்தன்மை இரண்டாம்பட்சம். நமக்கு இங்கே வெள்ளையும் வேண்டும், கெட்டியும் வேண்டும்.

வறுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு மாவுத் துகளையும் கொழுப்பு சுற்றிக்கொள்வதால், பால் ஊற்றும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே பரவுகின்றன. அப்படிப் பரவிய ஸ்டார்ச் சுமார் 60 டிகிரியில் ஊதத் தொடங்கி, கொதிநிலையை நெருங்கும்போதுதான் முழுதாகக் கெட்டியாகும். பாதியிலேயே ‘கெட்டியாகவில்லையே’ என்று மேலும் மாவு போடுகிறவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். ஒரு கொதி வரும் வரை பொறுங்கள்.

கட்டி தட்டிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

முடியும். அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியின் பின்புறத்தால் கட்டிகளை வாணலியின் பக்கத்தில் வைத்து அழுத்தித் தேயுங்கள். சின்னக் கட்டிகள் அப்படியே கரைந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் குழம்பை வடிகட்டி, கறியைத் தனியே எடுத்துவிட்டு, வெள்ளைப் பகுதியை மட்டும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுத் திரும்பக் கலக்கலாம். சூடாக இருக்கும்போது மிக்ஸி மூடியை இறுக்கி அடைக்காதீர்கள், ஆவி தூக்கி அடிக்கும்.

கட்டி பயம் அதிகம் உள்ளவர்கள் வேறு வழியில் போகலாம். வறுத்த கறியைத் துளையுள்ள கரண்டியால் அள்ளித் தனியே வைத்துவிட்டு, கொழுப்பில் மாவை வறுத்து, விஸ்க் கொண்டு அடித்தபடியே பால் சேருங்கள். வழவழப்பான பிறகு கறியைத் திரும்பப் போடுங்கள். பிரெஞ்சுக்காரர்களின் பெஷமெல் சாஸ் செய்யும் முறையும் இதேதான், வெண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பு.

பால் சூடாக இருக்க வேண்டுமா? எந்தப் பால்?

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலே போதும், சிறுகச் சிறுக ஊற்றினால். மொத்தப் பாலையும் ஒரே வீச்சில் கொட்டப் போகிறீர்கள் என்றால் வெதுவெதுப்பாக்கிக்கொள்வது நல்லது.

கொழுப்பு நீக்கிய பாலில் செய்தால் கிரேவி கெட்டியாகும், ஆனால் நாக்கில் நிற்காது. க்ரீம் சேர்ப்பது எதிர்த் திசைப் பிழை. ஏற்கெனவே பன்றிக் கொழுப்பு இருக்கும் இடத்தில் பால் கொழுப்பையும் ஏற்றினால் நாலு வாயில் திகட்டிவிடும். டின்னில் வரும் இனிப்பில்லாத கெட்டிப்பால், அதாவது எவாப்பரேட்டட் மில்க், மலைவாசிகளின் பழைய தோழன். அதைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் லேசான காய்ச்சிய மணத்தோடு நன்றாக வரும். கண்டென்ஸ்டு மில்க் கூடவே கூடாது, அது சர்க்கரைப் பாகு.

சரியான பதம் எது?

கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். ஊற்றும்போது தோசை மாவு மாதிரி மடிந்து விழ வேண்டும். பிஸ்கட் மேல் ஊற்றினால் முழுதும் வழிந்து தட்டில் குளமாகாமல், பாதி மேலேயே தங்க வேண்டும்.

அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் தளர்வாகத் தெரியும்போதே இறக்கிவிடுங்கள். மேசைக்குப் போகும் ஐந்து நிமிடத்தில் அது இறுகும். அதிகம் இறுகினால் ஒரு கை பால் விட்டுக் கலக்குங்கள். தண்ணீராக இருந்தால் சிம்மில் இன்னும் மூன்று நான்கு நிமிடம் விட்டாலே பெரும்பாலும் சரியாகும். அப்போதும் இறுகாவிட்டால் 1 மேசைக்கரண்டி மாவை அதே அளவு மென்மையான வெண்ணெயில் குழைத்து உருட்டிப் போட்டுக் கிளறுங்கள். உலர்ந்த மாவை நேரே தூவாதீர்கள்: மாவின் வெளிப்புறம் சூட்டில் உடனே இறுகி, உள்ளே ஈரம் போகாமல் கட்டியாகிவிடும்.

மிளகு அவ்வளவு தேவையா?

தேவை. பாலும் மாவும் கொழுப்பும் மூன்றுமே மந்தமான சுவை. அவற்றைத் தட்டி எழுப்புவது மிளகுதான். வெள்ளைக் குழம்பில் கரும்புள்ளிகள் தாராளமாகத் தெரிய வேண்டும். அப்போதே அம்மியிலோ உரலிலோ தட்டியது என்றால் உத்தமம். பொடித்து டப்பாவில் வைத்த தூள் காரத்தை மட்டும் தரும், மணத்தைத் தராது. பாதியைக் கொதிக்கும்போதும் மீதியை இறக்கிய பிறகும் போடுங்கள்.

வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை சேர்க்கலாமா?

உங்கள் அடுப்பு, உங்கள் விருப்பம். ஆனால் முதல் தடவை எதுவும் சேர்க்காமல் செய்து பாருங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சேஜ், பன்றி, பால், மிளகு நாலும் சேர்ந்து எழுப்பும் மணம் மிக நுட்பமானது. பூண்டு வந்தால் முதலில் ஓடி ஒளிவது அதுதான். காரம் போதவில்லை என்பவர்களுக்குத் தென்னகத்துக்காரர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வினிகர் புளிப்போடு இருக்கும் மிளகாய் சாஸைத் தட்டில் நாலு சொட்டு விடுவது. அந்தப் புளிப்பு கொழுப்பை வெட்டிக் கொடுக்கும். கோடைக்காலத்தில் பழுத்த தக்காளியைத் துண்டு போட்டுப் பக்கத்தில் வைப்பதும் அதற்காகத்தான்.

கிரேவி சாம்பல் நிறமாகிவிட்டதே?

கறி வறுபடாமல் வெந்திருக்கிறது. சின்ன வாணலியில் அடைத்தால், அல்லது வாணலி சூடாகும் முன் போட்டால், கறி நீர் விட்டு அதிலேயே வேகும், சிவக்காது. அகலமான வாணலியில் இரண்டு ஈடாக வறுத்தால் இந்தப் பிரச்சினை வராது. நல்ல கிரேவி தூய வெள்ளையாக இருக்காது, லேசான பழுப்பு கலந்த பால் நிறமாக இருக்கும்.

வார்ப்பிரும்பு வாணலி கட்டாயமா?

கட்டாயமில்லை, ஆனால் மிக உதவும். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கறி சீராகச் சிவக்கும், அடியில் படிவம் நன்றாகச் சேரும். டென்னசியின் சவுத் பிட்ஸ்பர்க் ஊரில் லாட்ஜ் நிறுவனம் 1896-இலிருந்து இந்த வாணலிகளை வார்க்கிறது. பல குடும்பங்களில் பாட்டியின் வாணலி பேத்திக்கு வரும். நம் வீட்டில் பழகிய வார்ப்பிரும்புச் சட்டி இருந்தால் அதுவே போதும். பாலும் மாவும் புளிப்பில்லாதவை என்பதால் வாணலியின் பழக்கம் கெடாது. ஸ்டீல் வாணலியும் நல்லதே. நான்ஸ்டிக்கில் படிவம் ஒட்டாது, அதனால் சுவை ஒரு படி குறையும்.

பிஸ்கட்டை எப்படிச் சுடுவது?

250 கிராம் மைதாவில் 1 மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, முக்கால் தேக்கரண்டி உப்பு கலக்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 85 கிராம் கெட்டி வெண்ணெயைத் துருவிப் போட்டு, விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். பட்டாணி அளவுத் துண்டுகள் அங்கங்கே தெரியட்டும். அவை அவனில் உருகி ஆவி விடும் இடத்தில்தான் அடுக்கு பிரியும். 180 மில்லி குளிர்ந்த கெட்டி மோர் ஊற்றி, ஒன்று சேர்ந்தால் போதும் என்ற அளவில் கிளறி நிறுத்துங்கள். நம் வீட்டு நீர்மோர் இதற்கு ஆகாது. மூன்று பங்கு தயிருக்கு ஒரு பங்கு பால் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள்.

மாவைப் பலகையில் தட்டி, மூன்று நான்கு தடவை மடித்து மடித்து, இரண்டரை செண்டிமீட்டர் தடிமனில் பரப்பி வட்டமாக வெட்டுங்கள். வெட்டும்போது நேரே அழுத்தி நேரே எடுக்க வேண்டும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு பிஸ்கட் எழும்பாது. ஒன்றையொன்று தொட்டபடி தட்டில் அடுக்கி, 220 முதல் 230 டிகிரி சூட்டில் 12 முதல் 15 நிமிடம்.

தென்னகத்தில் இதற்கு மென்மையான குளிர்காலக் கோதுமை மாவைத்தான் தேடுவார்கள். புரதம் குறைவு, அதனால் ரப்பர் மாதிரி இழுக்காது. 1883-இல் டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் தொடங்கிய வொயிட் லில்லி மாவு இதற்காகவே பேர் பெற்றது. மைதாவில் செய்யும்போது கையால் பிசையவே பிசையாதீர்கள், பாதிச் சிக்கல் அதிலேயே தீரும்.

வேலையின் வரிசை: பிஸ்கட்டை அவனுக்குள் தள்ளிய பிறகு சாஸேஜை வாணலியில் போடுங்கள். பிஸ்கட் வெளியே வந்து கொஞ்சம் ஆறும் நேரத்தில் கிரேவி தயாராகிவிடும்.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு வழி உண்டா?

உண்டு. கோழி அல்லது வான்கோழிக் கொத்துக்கறியில் மேலே சொன்ன மசாலாவையே கலந்து செய்யலாம். அவற்றில் கொழுப்பு மிகக் குறைவு, அதனால் 3 மேசைக்கரண்டி வெண்ணெயை முதலிலேயே போட்டு அதில் கறியை வறுங்கள். சேஜும் வெண்ணெய்க்குள் இறங்கும். அரைத்த கோழித் தொடைக்கறி கிடைத்தால் நெஞ்சுக்கறியைவிட அது மேல். வான்கோழி உருளை கடையிலும் கிடைக்கிறது.

சைவத்துக்கு: 400 கிராம் காளானைப் பொடியாக நறுக்கி, நீர் முழுதும் வற்றி ஓரம் சிவக்கும் வரை வெண்ணெயில் வறுத்து, சேஜும் மிளகும் தூக்கலாகப் போட்டு மற்றதை அப்படியே செய்யுங்கள். இது சாஸேஜ் கிரேவி ஆகாது, ஆனால் தன்னளவில் நல்ல கிரேவி.

மைதா இல்லாமல், பால் இல்லாமல்?

மைதாவுக்குப் பதில் நைஸான பச்சரிசி மாவு அதே அளவில் நன்றாக வேலை செய்யும். கார்ன்ஃப்ளார் என்றால் பாதி அளவு, அதுவும் குளிர்ந்த பாலில் கரைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். பாலுக்குப் பதில் இனிப்பும் வெனிலாவும் சேர்க்காத ஓட்ஸ் பால் பரவாயில்லை. தேங்காய்ப்பால் வேண்டாம், சேஜோடு அது சேரவே சேராது.

தென்னகத்தில் வேறு காலைக் கிரேவிகளும் உண்டா?

நிறைய. உப்பிட்டு உலர்த்திய ஹாம் பொரித்த வாணலியில் கறுப்புக் காபியை ஊற்றிச் சுரண்டி எடுப்பது ரெட் ஐ கிரேவி; தண்ணீராக, கசப்பும் உப்புமாக இருக்கும். தக்காளி கிரேவி உண்டு. ஆர்கன்சாஸ் பக்கமும் மலைப்பகுதியிலும் கோகோ, சர்க்கரை, மாவு, பால் சேர்த்துச் சாக்லேட் கிரேவி செய்து குழந்தைகளுக்குப் பிஸ்கட் மேல் ஊற்றித் தருவார்கள். உப்பிட்டு உலர்த்திய மாட்டுக்கறியை வெள்ளைச் சாஸில் போட்டு டோஸ்ட் மேல் ஊற்றுவது அமெரிக்கப் படைவீரர்களின் பழைய காலைச் சாப்பாடு.

ஓட்டல் காலை பஃபேயில் சாப்பிட்டேன், பிடிக்கவில்லை. வீட்டில் செய்தால் வேறு மாதிரி இருக்குமா?

வேறு உணவாகவே இருக்கும். அமெரிக்காவில் பயணம் போகும் நம்மவர்கள் பலர் இதை முதலில் பார்ப்பது தங்கும் விடுதியின் இலவசக் காலைச் சாப்பாட்டில்தான். சூடு காட்டும் பாத்திரத்தில் மணிக்கணக்கில் கிடக்கும் வெள்ளைக் குழம்பு, பெரும்பாலும் பொட்டலப் பொடியைக் கரைத்தது. அதில் வறுத்த கறியின் கொழுப்பும் இருக்காது, வாணலிப் படிவமும் இருக்காது. அதை வைத்து இந்த உணவை எடைபோடாதீர்கள். வெளியில்தான் சாப்பிட வேண்டும் என்றால், பிஸ்கட்டை அன்றன்று சுடும் தென்னகக் கடைக்குப் போங்கள். நாஷ்வில் பக்கத்தில் 1951 முதல் நடக்கும் லவ்லெஸ் கஃபே பிஸ்கட்டுக்காகவே பேர் எடுத்தது.

உடம்புக்கு இது ஆகுமா?

தினமும் சாப்பிட அல்ல. நாள் முழுதும் மரம் வெட்டியவர்களுக்கும் உழுதவர்களுக்கும் உருவான சாப்பாடு. கொழுப்பும் உப்பும் அதிகம். இரத்த அழுத்தம், கொழுப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொன்னதை மீறாதீர்கள். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பிஸ்கட், ஒரு கரண்டி கிரேவி, ஒரு முட்டை, தக்காளி. இலகுவாக்குகிறேன் என்று கொழுப்பை எடுத்துவிட்டுச் சப்பையான கிரேவியை மூன்று கரண்டி சாப்பிடுவதைவிட, நல்ல கிரேவியைக் குறைவாகச் சாப்பிடுவது மேல்.

மீந்ததை என்ன செய்வது?

வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். எடுத்துப் பார்த்தால் கத்தியால் வெட்டும் அளவுக்கு இறுகியிருக்கும். ஒரு கிண்ணத்துக்குக் கால் டம்ளர் பால் சேர்த்துச் சிம்மில் மெல்லக் கிளறினால் பழைய பதத்துக்கு வரும். மிளகைப் புதிதாக இன்னும் கொஞ்சம் தட்டிப் போடுங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் நீர் பிரிந்து திரிந்ததுபோலத் தெரியும், சூடாக்கும்போது விஸ்க்கால் அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றி, சீஸ் தூவி அவனில் பத்து நிமிடம் வைத்தால் இராச் சாப்பாட்டுக்கு ஆகும். பிஸ்கட்டை மட்டும் சேர்த்து ஊறப்போட்டு வைக்காதீர்கள், தனி டப்பாவில் வைத்து மறுநாள் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவிச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.